கூப்பிடாம வந்த சொந்தம்

மருமகனே, ரெண்டு மூணு நாளா நீ மாடியை விட்டு எறங்கலன்னு ஒங்கம்மா வந்து எங்கிட்ட அழுவுறா. பய எவகிட்டயும் மனசப் பறிகொடுத்துட்டானோன்னு அவளுக்குப் பயம். அதெல்லாம் ஒண்ணுமில்லட்டி, காதலா இருந்தா இந்நேரம் குளிச்சுப் பவுடர் போட்டிருப்பான், இது டேட்டாபேஸ் சோலின்னு சொல்லி அனுப்பி வச்சேன்.

வேட்டியப் பாத்து என்னை எடை போட்டுராத. மில்லுல இடிபி செக்ஷன்னு ஒண்ணு இருந்த காலத்துல, அம்புட்டுப் பேர் சம்பளத்தையும் ஆரக்கிள் 7ல ஓட்டுனவன் நான். 1992ல அந்த 7 வந்த பொறவுதான் ஆரக்கிள்காரனுக்கு ஸ்டோர்டு ப்ரொசீஜரும் ட்ரிகரும் டேட்டாபேசுக்குள்ளயே குடியேறிச்சு. சைபேஸ்காரன் அதுக்கு முந்தியே வச்சிருந்தான். அதனால இந்த வியாதி ஒன்னோட வயசவிட மூத்தது. வெக்கப்படாமக் காட்டு.

பில்லு போட்டா சரக்கு வேற எவன் பில்லுலயோ போயி ஏறுதுன்ன. காரணமும் நீயே சொன்ன, அருமையான காரணங்கள். முதல்ல நெட்வொர்க்குன்ன. சரிதான், அது வாயில்லாப் பூச்சி, மறுத்துப் பேசாது. பொறவு கேஷுன்ன. அதுவும் போயி, கவுன்ட்டர்ல இருக்கிற பிள்ள தப்பா அமுக்குதுன்ன. அதுதான் இருக்கிறதுலயே சம்பளம் கொறஞ்ச ஆளு, அது மேல போட்டாக் கேக்க நாதியில்லைன்னு ஒனக்கும் தெரிஞ்சிருக்கு. இவ்வளவு பேரை விசாரிச்ச நீ, அந்த பில் டேபிளப் பாத்து "ஒம்மேல யாரு உக்காந்திருக்கா"ன்னு ஒரு வார்த்த கேக்கல பாரு, அங்கதான் நிக்கிற நீ.

ப்ரொசீஜர்ங்கிறது வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டா வர்ற சொந்தம். ட்ரிகர் கூப்பிடாமலே வந்து, பந்தியில கொழம்ப மாத்தி ஊத்திட்டு, போட்டோவுல நிக்காமப் போற சொந்தம். நீ எழுதுன கோடுல அதோட பேரு எங்கயும் இருக்காது. இன்சர்ட்டுன்னு ஒரு வரி எழுதுற, ஒன் கண்ணுக்கு அந்த ஒத்த வரிதான் தெரியும். அதுக்குள்ள எத்தனை பேரு கை வச்சாங்கன்னு அந்த வரி சொல்லாது.

ஒன் ப்ரொசீஜர நானும் படிச்சேன். பாடப் புத்தகத்துல போடலாம், அம்புட்டுச் சுத்தம். பில் டேபிள்ல ஒரு இன்சர்ட். அடுத்த வரியில அட்-அட் ஐடென்டிட்டின்னு கேட்டு வந்த நம்பர எடுத்து, சரக்கு வரியில எல்லாம் ஒட்டுற. நீ என்ன கேள்வி கேட்டிருக்கேன்னு யோசிச்சியா? இந்த செஷன்ல, எந்த டேபிளா இருந்தாலும் சரி, யாரு செஞ்சிருந்தாலும் சரி, கடைசியாப் பொறந்த நம்பர் எதுன்னு கேட்டிருக்க. எவனோ ஒரு புண்ணியவான் ஆடிட்டுக்குன்னு பில் டேபிள்ல ட்ரிகர் வச்சிருக்கான். பில்லு ஏறுன கையோட அது ஆடிட் டேபிள்ல ஒரு வரி எழுதுது. அங்கயும் ஐடென்டிட்டி காலம் இருக்கு. பில்லு நம்பர் 5012, அதுக்குப் பொறவு பொறந்த ஆடிட் நம்பர் 4377ன்னு வச்சுக்க. கடைசியாப் பொறந்தது எது? சர்வர் பொய் சொல்லல மருமகனே, கேட்டதுக்குப் பதில் சொல்லிச்சு. ஒன் சரக்கெல்லாம் 4377ங்கிற பழைய பில்லுல போயி உக்காந்துக்கிச்சு.

இதுல கூத்து என்னன்னா, ஃபாரின் கீ போட்டிருக்கேன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னியே, அது வாயே தொறக்கல. எப்படித் தொறக்கும்? 4377ன்னு நெசமாவே ஒரு பில்லு இருக்குல்லா. இல்லாத நம்பரா வந்திருந்தா மொத நாளே எரர் அடிச்சு நீ மாட்டியிருப்ப. இருக்கிற நம்பரா வந்ததால இத்தன நாளு மரியாதையாத் திரிஞ்ச.

ஸ்கோப் ஐடென்டிட்டின்னு ஒண்ணு எஸ்கியூஎல் சர்வர் 2000லயே வந்துட்டு. நீ பொறந்ததும் அந்த வருசந்தான். நீ கல்யாண வயசுக்கு வந்துட்ட, அந்தச் சேதி இன்னும் ஒங்க ஆபீசுக்கு வந்து சேரல. அது ஒன் வரி இருக்கிற எல்லைக்குள்ள பொறந்த நம்பர மட்டும் சொல்லும், ட்ரிகர் பெத்தது கணக்குல வராது. ஐடென்ட் கரன்ட்டுன்னு மூணாவதா ஒண்ணு இருக்கு. பேரு நல்லாயிருக்கேன்னு அதைத் தூக்கிட்டு வந்துராத. பக்கத்துக் கவுன்ட்டர்ல எவனோ போட்ட நம்பரையும் அது எடுத்துக் குடுத்துரும்.

ஒரே இன்சர்ட்ல பல வரி ஏத்தி எல்லா நம்பரும் வேணும்னா 2005ல வந்த அவுட்புட் இருக்கு. அதுல ஒரு வேடிக்க கேளு. ட்ரிகர் இருக்கிற டேபிள்ல, இன்டு போடாம வெறும் அவுட்புட் எழுதுனா 334ன்னு எரர் வரும். 2022ல ஈஎஃப் கோர் 7 வந்தப்ப, சேவ் பண்றதுக்கு இந்த அவுட்புட்டத்தான் எடுத்துக்கிட்டாங்க. ட்ரிகர் உள்ள டேபிள்ல சேவ் பண்ணப் போனவனுக்கெல்லாம் அந்த எரர் வந்துச்சு. இந்த டேபிள்ல ட்ரிகர் இருக்குன்னு மாடல்ல எழுதிச் சொல்லணும்னு வழியும் சொன்னாங்க. தங்க டேபிள்ல ட்ரிகர் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சவனும் இருந்திருப்பான். என்னயக் கேட்டா, அது நல்ல எரர். மூஞ்சிக்கு நேரா வந்து, ஒன் வீட்டுக்குள்ள ஆளு இருக்குன்னு சொல்லுதுல்லா.

ஏஐ-கிட்டயும் கேட்டேன்னு சொன்ன. என்ன குடுத்த அதுகிட்ட? ப்ரொசீஜர மட்டும் ஒட்டியிருப்ப. அது ஒன் கமாவை எல்லாம் நேராக்கி, ட்ரை கேட்ச் போட்டு, பேரையெல்லாம் அழகா மாத்திக் குடுத்திருக்கும். ட்ரிகர நீ காட்டவே இல்லியே, அது எங்க போயிப் பாக்கும்? வயித்து வலிக்காரன் டாக்டர்கிட்ட போயிப் பல்லக் காட்டுனானாம்ங்கிற கதைதான்.

முதல்ல செய்ய வேண்டியது ஒரு நிமிச வேல. எஸ்கியூஎல் சர்வர்னா சிஸ் டாட் ட்ரிகர்ஸ்ல ஒரு செலக்ட். ஆரக்கிள்னா ஆல் ட்ரிகர்ஸ். மைஎஸ்கியூஎல்னா ஷோ ட்ரிகர்ஸ். போஸ்ட்கிரெஸ்ல பிஎஸ்கியூஎல்ல நின்னுக்கிட்டு பேக்ஸ்லாஷ் டி போட்டு டேபிள் பேரச் சொன்னா, காலம் எல்லாம் காட்டிட்டுக் கடைசியில ட்ரிகரையும் காட்டும். கடைசியில இருக்கிறதாலதான் நீ அது வரைக்கும் போறதில்ல.

சரி, சரக்கு வரி டேபிள்ல இருப்பக் கொறைக்கன்னு இன்னொரு ட்ரிகர் இருக்கே, அந்த ஸ்டாக் ட்ரிகரையும் தொறந்து பாத்தேன். எழுதுனவன் கெட்டிக்காரன். இன்சர்ட்டட்ங்கிற டேபிள்ல இருந்து சரக்கு நம்பர ஒரு வேரியபிள்ல எடுக்கான், அளவ இன்னொண்ணுல எடுக்கான், இருப்பக் கொறைக்கான். கவுன்ட்டர்ல ஒவ்வொரு வரியா ஏத்தும்போது ஒரு கொறையும் இல்ல. ராத்திரி கிளைக் கடையில இருந்து முந்நூறு வரி ஒரே இன்சர்ட்டா வரும்லா, அப்ப என்ன ஆகும்? வரிக்கு ஒரு தரம் தன்னைக் கூப்பிடுவாகன்னு அவன் நெனச்சிருக்கான். எஸ்கியூஎல் சர்வர்ல ஸ்டேட்மென்ட்டுக்கு ஒரு தரந்தான் கூப்பிடுவாக. இன்சர்ட்டட்ல முந்நூறு வரியும் நிக்கும், இவன் வேரியபிள்ல ஒரே ஒரு வரி வந்து உக்காரும். ஒரு சரக்கு கொறையும், மீதி எல்லாம் விக்காமலே இருக்கிற மாதிரி இருப்புல நிக்கும். எரர் கிடையாது, வார்னிங் கிடையாது. ஒங்க மேனேஜர் இருப்புக் கணக்கப் பாத்து ரொம்பச் சந்தோசமாயிருப்பாரு, கொள்ளச் சரக்கு இருக்கேன்னு.

டெஸ்ட் பண்ணுனோம்னு சொல்லாத. ஒத்த வரிய ஏத்திப் பாத்திருப்பீக. ஒரு வரி, பல வரி, ஒண்ணுமே இல்லாத வரின்னு மூணையும் பாக்கணும். ஒண்ணுமே இல்லாததுன்னா சிரிக்காத. வேர் போட்டு ஒரு வரிகூடச் சிக்காத அப்டேட்டுக்கும், அப்டேட்டுக்குன்னு வச்ச ட்ரிகர் எந்திரிச்சு ஓடும். அப்ப இன்சர்ட்டட் காலியாக் கெடக்கும், வேரியபிள்ல நல் இருக்கும், அந்த நல்ல வச்சு அது என்ன செய்யும்னு எழுதுனவனுக்கே தெரியாது. அப்பறம் அந்த அப்டேட்ங்கிற ஃபங்ஷன் இருக்கே, வெல மாறிச்சான்னு கேக்க நீ போட்டிருக்கியே, அது மாறிச்சான்னு சொல்லாது. செட்டுல அந்தக் காலத்தோட பேரு வந்துச்சான்னுதான் சொல்லும். பத்து ரூவாய மறுபடி பத்து ரூவான்னு எழுதுனாலும் ஆமான்னுதான் தலையாட்டும்.

நீ துப்புத் துலக்குன அழகையும் பாத்தேன். லாக் டேபிள்னு ஒண்ணு வச்சு, "இங்க வந்தாச்சு", "அங்க போயாச்சு"ன்னு வரிக்கு வரி எழுதி வச்சிருக்க. ஓட்டிப் பாத்தா லாக் டேபிள் தொடச்சு வச்ச கணக்காக் கெடக்கு. ஒடனே ட்ரிகரே ஓடலன்னு எல்லாருக்கும் மெயில் போட்டுட்ட. ஓடிச்சு மருமகனே, நல்லாவே ஓடிச்சு. ஓடி, பாதியில எரர் அடிச்சு, ரோல்பேக் ஆச்சு. பில்லு வரி போன வழியிலயே ஒன் லாக் வரியும் போச்சு. ரெண்டும் ஒரே ட்ரான்சாக்‌ஷன்தான, அதை மட்டும் விட்டு வைக்க அது என்ன ஒன் மாமனார் வீட்டுச் சொத்தா?

ரோல்பேக்குக்குத் தப்பிச்ச இடத்துல எழுதப் பழகு. எஸ்கியூஎல் சர்வர்ல டேபிள் வேரியபிள்ல எழுதுனா ரோல்பேக்குக்குப் பொறவும் நிக்கும். கேட்ச்சுக்குள்ள ரோல்பேக் பண்ணிட்டு, அதுல இருந்து எடுத்து லாக்குல போடலாம். போஸ்ட்கிரெஸ்ல ரெய்ஸ் லாக் போட்டா அது சர்வரோட லாக் ஃபைலுக்குப் போயிரும், ரோல்பேக் அதைத் தொடாது. மைஎஸ்கியூஎல்ல லாக் டேபிள மட்டும் மைஐசாம்ல வச்சிருந்த பெருசுகள நான் பாத்திருக்கேன். ட்ரான்சாக்‌ஷனே தெரியாத எஞ்சின்னு எல்லாரும் ஏசுவாக, இந்த ஒரு சோலிக்கு அந்தக் கொறையே தோது. ஆரக்கிள்ல ஆட்டோனமஸ் ட்ரான்சாக்‌ஷன். அதப் பத்தித் தனியா ஏச வேண்டியிருக்கு, பொறு.

ஒரு தடயம் மட்டும் எவனாலயும் அழிக்க முடியாது. ஐடென்டிட்டி நம்பர் ரோல்பேக் ஆகாது. 5012க்கு அடுத்து 5014 இருந்தா, 5013 பொறந்து செத்திருக்குன்னு அர்த்தம். லாக் ஒண்ணும் சொல்லலன்னாலும் நம்பர்ல இருக்கிற ஓட்ட சொல்லும். ஆனா ஆயிரம் நம்பர் மொத்தமாத் தாவியிருந்தா ட்ரிகர ஏசாத. 2012ல இருந்து எஸ்கியூஎல் சர்வர் நம்பர முன்கூட்டியே எடுத்துக் கையில வச்சுக்கிடும். திடீர்னு சர்வர் விழுந்து எந்திரிச்சா இன்ட் காலத்துல ஆயிரம் வரைக்கும் தாவும். அன்னிக்குக் கரண்ட் போச்சான்னு வாட்ச்மேனக் கேளு.

இப்ப ஆட்டோனமஸுக்கு வர்றேன். ஆரக்கிள்ல வரிக்கு வரி ஓடுற ட்ரிகருக்குள்ள நின்னுக்கிட்டு, அதே டேபிளப் படிக்கப் போனா 4091, மியூட்டேட்டிங் டேபிள்னு எரர் வரும். மாறிக்கிட்டு இருக்கிற டேபிளப் பாதியில படிச்சா அரைகொறக் கணக்குத்தான் கெடைக்கும், அதனால படிக்க விடமாட்டேங்குது. நியாயந்தான? நம்ம புள்ளைக என்ன செய்வாக, மேல ஒரு வரி ப்ராக்மா ஆட்டோனமஸ் ட்ரான்சாக்‌ஷன்னு எழுதுவாக. எரர் போயிரும், கைதட்டு விழும். தனி ட்ரான்சாக்‌ஷன்ல நின்னு பாக்குறதால இப்ப ஏறிக்கிட்டிருக்கிற வரி அதோட கண்ணுக்கே தெரியாது, பழைய கணக்கத்தான் கூட்டும். முன்ன எரர் வந்துச்சு, இப்பத் தப்பான விடை வருது. 11ஜியில காம்பவுண்ட் ட்ரிகர்னு இதுக்குன்னே ஒண்ணு குடுத்தாக. வரி வரியாச் சேத்து வச்சுக்கிட்டு, ஸ்டேட்மென்ட் முடிஞ்ச பொறவு டேபிளப் படிக்கலாம். நாலு வரி கூட எழுதணும், அதனால யாருக்கும் பிடிக்கல.

அதவிடப் பெரிய தர்மம் ஒண்ணு இருக்கு: வென் அதர்ஸ் தென் நல். என்ன எரர் வந்தாலும் ஒண்ணும் நடக்காத மாதிரிப் போயிட்டே இருன்னு அர்த்தம். ராத்திரி ஃபோன் வராது, நிம்மதியாத் தூங்கலாம், நான் தடுக்கல. சம்பளம் ஏறாதவன்தான் தூங்கமாட்டான். 11ஜியில இருந்து கம்பைலரே இதுக்கு ஒரு வார்னிங் குடுக்குது, ஆனா வார்னிங்க ஆன் பண்ணி வச்சிருந்தாத்தான் குடுக்கும். ஒங்க ஊர்ல அதை ஆஃப் பண்ணித்தான் வச்சிருப்பீக. ஆரக்கிள்லயே சம்பளம் வாங்குன டாம் கைட், ட்ரிகரு, ஆட்டோனமஸ் ட்ரான்சாக்‌ஷன், இந்த வென் அதர்ஸ், மூணையும் மொழியில இருந்தே தூக்கிரலாம்னு பல வருசம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆடிட்டுக்கு ட்ரிகர் இருந்துட்டுப் போகட்டும். ஆனா சரக்கக் கொறைக்கிறது, வெலய மாத்துறது, மெயில் அனுப்புறது எல்லாம் ப்ரொசீஜர்ல கண்ணுக்குத் தெரியிற மாதிரி நடக்கணும்.

போஸ்ட்கிரெஸுக்கு மாறிட்டாப் போதும்னு ஒன் சிநேகிதன் சொல்றானாமே. மாறுங்க, நல்ல டேட்டாபேஸ்தான். அங்க வரிக்கு முன்ன ஓடுற பிஃபோர் ட்ரிகர் ரிட்டர்ன் நல்லுன்னு சொல்லிட்டா, அந்த வரி ஏறவே ஏறாது, எரரும் வராது. இன்சர்ட் 0 0ன்னு அடக்கமா ஒரு பதில் வரும், அதை யாரு படிக்கா? ஒரே வேலைக்கு ரெண்டு மூணு ட்ரிகர் இருந்தா பேரோட அகர வரிசையில ஓடும். ஒருத்தன் பேரை நல்லா வைக்கணும்னு மாத்தி வச்சதுல கணக்கே தலகீழாப் போறதுக்கு வழி இருக்கு. மைஎஸ்கியூஎல்ல 5.7, 8.0 ரெண்டுலயும் ஃபாரின் கீ கேஸ்கேடுல அழியிற வரிக்கு டெலீட் ட்ரிகர் ஓடாது. ஆக ஓடக் கூடாத எடத்துல ஓடி ஒருத்தன் கெடுப்பான், ஓட வேண்டிய எடத்துல ஓடாம இன்னொருத்தன் கெடுப்பான். எந்த ஊருக்குப் போனாலும் மேனுவலக் கையில வச்சுக்க.

டீபக்கர் வேணும்னு கேட்ட. எஸ்எஸ்எம்எஸ்ல இருந்துச்சு, 2019ல 18 வந்தப்பத் தூக்கிட்டாங்க. விசுவல் ஸ்டூடியோவுல இன்னும் இருக்கு. இருந்தா என்ன செய்வேன்னும் எனக்குத் தெரியும். ஓடிக்கிட்டிருக்கிற சர்வர்லயே ட்ரிகருக்குள்ள பிரேக்பாயின்ட்ட வச்சுட்டு, டீ குடிக்கப் போவ. நீ நிறுத்துன எடத்துல ட்ரான்சாக்‌ஷனும் நிக்கும், அது பிடிச்ச லாக்கும் நிக்கும், அதுக்குப் பின்னால கவுன்ட்டர்ல பில்லுக்கு நிக்கிற சனமும் நிக்கும். ஒனக்கு டெஸ்ட் சர்வர்ல பிகின் ட்ரான், ஒரு இன்சர்ட், ரெண்டு செலக்ட், ரோல்பேக் போதும். நடுவுல என்ன நடக்குதுன்னு அப்பப்பத் தெரியணும்னா ப்ரிண்ட்ட நம்பாத, அது சேத்து வச்சு நெனச்சப்பத்தான் காட்டும். ரெய்செரர்ல சிவியாரிட்டிய 0ன்னு வச்சு, வித் நோவெயிட் போடு. ஒடனே திரையில வந்து விழும்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. சிஸ் டாட் ட்ரிகர்ஸ்ல பேர மட்டும் பாக்காம, இஸ் டிசேபிள்டுங்கிற காலத்தையும் பாரு. நேத்து ராத்திரி ஸ்டாக் ட்ரிகருக்கு நேரா அதுல 1ன்னு இருந்துச்சு. "ட்ரிகர் இல்லாம ஓட்டிப் பாப்போம்"னு நீ ஃபோன்ல யார்கிட்டயோ சொன்னது எனக்குத் திண்ணை வரைக்கும் கேட்டுச்சு. அந்த டிசேபிள் ட்ரிகர் ஒனக்கு மட்டும்னு நெனச்சுக்கிட்ட போல. மொத்தக் கடைக்கும் சேத்துத்தான் நிறுத்தியிருக்க. இப்ப எனேபிள் பண்ணுனாலும் நடுவுல வித்ததுக்கெல்லாம் அது பின்னால போயி இருப்பக் கொறைக்காது. அத நீதான் பில்லு வரியக் கூட்டிப் பாத்து, கையால எழுதி நேராக்கணும். கடை ஒம்பதரைக்குத் தொறக்கும், இப்ப மணி எட்டே முக்கால். காப்பிய மாடிக்கே குடுத்து விடுறேன், நீ ஏறு.